பலூன் பார்க்கப் போன வழி

ஆகாயத்தில் நடக்கும் ஒரு விழாவுக்குப் பாதை பிரச்சினையாக இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பலூன் மேலே எழும்பும், தலையை நிமிர்த்தினால் பார்த்துவிடலாம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் உள்ள அல்புகெர்க்கி நகரத்து மனிதர் ஒருவரிடம் அவர்களுடைய பலூன் விழாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலூன்களைப் பற்றி இரண்டு வசனம் பேசுவார். பிறகு அரை மணித்தியாலம் பாதையைப் பற்றியே பேசுவார். எத்தனை மணிக்கு எழும்பினார், எந்தச் சந்தியில் அகப்பட்டார், வாகனத்தை எங்கே விட்டார், திரும்பி வரும்போது எத்தனை மணித்தியாலம் காத்திருந்தார் என்பவைதான் அவருடைய விழா அனுபவம்.

2022 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நானும் மனைவியும் அந்த நகரத்தில் இருந்தோம். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் போயிருந்தோம். மருமகன் அங்கு ஆராய்ச்சி வேலை பார்க்கிறார். விமானச் சீட்டை அவர்களே எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த வருடம் நம்முடைய நாட்டிலிருந்து சொந்தச் செலவில் எங்கேனும் போகக்கூடிய நிலையில் நாங்கள் இருக்கவில்லை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த விழாவின் கதை சுவையானது. 1972 ஏப்ரல் 8 ஆம் திகதி, ஒரு வானொலி நிலையத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடுவதற்காக, கொரனாடோ சென்ரர் என்னும் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து 13 பலூன்களைப் பறக்கவிட்டார்கள். அதுதான் தொடக்கம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு பெருகி, 2000 ஆம் ஆண்டில் பதிவான பலூன்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவ்வளவு கூட்டத்தை அந்த நகரம் தாங்காது என்று கண்டு, பின்னர் எண்ணிக்கையை மட்டுப்படுத்தினார்கள். அண்மைய ஆண்டுகளில் ஐந்நூறு, அறுநூறு பலூன்கள் வருகின்றன. ஒன்பது நாட்களிலும் வந்துபோகிறவர்களின் தொகை எட்டு இலட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2020 இல் கொவிட் காரணமாக விழா நடைபெறவில்லை. 2021 இல் மீண்டும் தொடங்கி, நாங்கள் போன 2022 இல் ஐம்பதாவது விழாவாக நடந்தது.

எட்டு இலட்சம் பேர் ஒன்பது நாட்களில் வருவது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல. நமது நாட்டில் கண்டிப் பெரஹராவுக்கும் கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் சனம் திரள்வதைப் பார்த்தவர்கள் நாம். அல்புகெர்க்கியில் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மணித்தியாலத்துக்குள் வந்து சேர வேண்டும். ஏனென்றால் வெப்பக்காற்றுப் பலூன் விடியற்காலையின் பிள்ளை. பலூனுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் அது எழும்பும். வெளியே குளிராக இருக்க இருக்க அதற்கு நல்லது. வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று குழம்பத் தொடங்கிவிடும். நிலமட்டத்தில் மணிக்குப் பத்து மைல் வேகத்துக்கு மேல் காற்று வீசினால் பலூனை விரித்து நிமிர்த்துவதே ஆபத்து. ஆகவே எல்லாம் சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டியே நடந்து முடிய வேண்டும். காலை ஏழு மணிக்குப் பலூன்கள் கூட்டமாக எழும்பத் தொடங்கும். ஒன்பது மணிக்கெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஒக்டோபர் மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில், கிழக்கே சன்டியா மலைக்கும் மேற்கே ரியோ கிராண்டே ஆற்றுக்கும் இடையில் கிடக்கிறது. இலையுதிர் காலத்துக் காலைகளில் மலையின் குளிர்காற்று பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கு நோக்கி இறங்கும். அதற்கு மேலே உள்ள காற்று வடக்கு நோக்கி வீசும். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஓட்டுபவரால் ஏறவும் இறங்கவும் மட்டுமே முடியும். அல்புகெர்க்கியில் அதுவே போதும். தாழ்வாகத் தெற்கே போய், உயர எழும்பி வடக்கே திரும்பி, வாய்ப்பிருந்தால் புறப்பட்ட இடத்துக்கு அண்மையிலேயே இறங்கிவிடலாம். இந்தக் காற்றோட்டத்தை அவர்கள் 'அல்புகெர்க்கிப் பெட்டி' என்கிறார்கள்.

மேலே உள்ளவருக்கு அல்லாஹ் அப்படி இரண்டு வழியைக் கொடுத்திருக்கிறான். கீழே உள்ளவருக்கு அவ்வளவு வசதியில்லை. விழா மைதானத்துக்குக் கிழக்கே 25 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓடுகிறது. அதிலிருந்து மைதானத்துக்கு இறங்குவதற்கு அலமேடா, ட்ராம்வே ஆகிய வீதிகளைத்தான் பெரும்பாலோர் நம்பியிருக்கிறார்கள். ஆற்றுக்கு மேற்கே குடியிருப்பவர்கள் முதலில் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதிகாலை நாலரை மணிக்கே கார்கள் வரிசை பிடிக்கத் தொடங்கிவிடும். 2021 ஆம் ஆண்டு மருமகன் என் பேரனைக் கூட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டாராம். ஏழரை மணிக்கும் நெடுஞ்சாலையில்தான் நின்றிருக்கிறார். பலூன்கள் எழும்பியதைக் காரின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். பின் ஆசனத்தில் பேரன் நல்ல நித்திரை.

இவ்வளவையும் அறிந்திருந்தும், அந்த வருடமும் காரில் போவதற்கே அவர் ஆயத்தமாக இருந்தார். இன்னும் ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்பட்டால் சரி என்பது அவருடைய யோசனை. அதை மாற்றியது என் மனைவி.

விழா தொடங்கிய முதல் சனிக்கிழமை விடியற்காலை. மகளின் வீடு மாடிக் குடியிருப்பொன்றில் இருக்கிறது. மனைவி வழக்கம்போல் சுபஹுக்கு நேரத்தோடு எழும்பியவள், திரைச்சீலையை விலக்கி வெளியே பார்த்திருக்கிறாள். தூரத்து வீதியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் வாகனங்களின் சிவப்பு விளக்குகள். ஒன்றும் நகரவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மகளிடம் கேட்டாள்:

"இஞ்சயும் பெற்றோல் கியூவா மகள்?"

"இல்ல உம்மா. பலூன் பாக்கப் போற ஆக்கள்."

மனைவி திரைச்சீலையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காலைச் சாப்பாட்டின்போது மருமகன் பலூன் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். "நான் வரல்ல மகன். காருக்குள்ள இருந்து கியூவில நிக்க என்னால ஏலாது. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் காரணம் தெரியும்.

அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்ததல்லவா. அதற்குச் சில நாட்கள் முந்தி, எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள ஒரு பெற்றோல் செட்டுக்கு பவுசர் வருவதாகக் கதை பரவியது. மனைவியின் மூத்த சகோதரர், நான் மச்சான் என்றும் அவள் காக்கா என்றும் அழைப்பவர், ஓட்டோ ஓட்டிப் பிழைத்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய நிலையான வருமானம். ஓட்டோவைக் கொண்டுபோய் வரிசையில் விட்டார். யாரோ ஒருவர் கொப்பித் தாளைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றிரவு பவுசர் வரவில்லை. மறுநாள் வருமென்றார்கள். மறுநாளும் வரவில்லை. வீட்டிலிருந்து சாப்பாடு போனது. இயந்திரத்தை இயக்கினால் இருக்கிற எண்ணெயும் போய்விடும் என்பதால், வரிசை ஓரிரு முழம் அசையும்போதெல்லாம் எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். மூன்றாம் நாள் சுபஹுக்குப் பக்கத்துப் பள்ளியில் அவரைக் காணவில்லையே என்று வந்து பார்த்தவர்கள், ஆசனத்தில் சாய்ந்தபடி மௌத்தாகியிருக்கக் கண்டார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவைக் கொண்டுபோன பிறகும் ஓட்டோ வரிசையிலேயே நின்றது. அதை எடுத்துவர யாருக்கும் நினைவு வரவில்லை. பின்னால் நின்றவர்கள் தங்கள் வண்டியைத் தள்ளும்போது அதையும் முன்னே தள்ளிவிட்டிருக்கிறார்கள். மச்சானின் மகன் மாலையில் போனபோது, வாப்பாவின் இடம் அப்படியே பாதுகாப்பாக இருந்ததாம். அந்த மனிதர்களின் நல்ல மனதை நினைத்து அவன் அழுததாகச் சொன்னான்.

அந்த மாதங்களில் நாட்டின் பல பகுதிகளிலும் எரிபொருள் வரிசைகளில் மனிதர்கள் இறந்த செய்திகள் வந்தன. பத்திரிகைக்கு அவை எண்ணிக்கை. எங்களுக்கு அதில் ஒன்று காக்கா.

மருமகன் படித்த பிள்ளை. மாமியிடம் வாதாடவில்லை. அன்றிரவு கணினியின் முன்னே உட்கார்ந்து, கார் வரிசையில் நிற்காமல் அந்த மைதானத்துக்குப் போவதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடினார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒருவருக்காகத் தேடிய வழி என்பதால் ஒவ்வொன்றையும் அவளுடைய முழங்கால் வலியோடும் அவளுடைய மனதோடும் சேர்த்து நிறுத்துப் பார்த்தோம்.

சைக்கிள் முதலாவது. வெள்ளநீர் வடிகால் வாய்க்காலை ஒட்டி மைதானப் பக்கமாகச் சைக்கிள் பாதை போகிறது. கொண்டுபோகும் சைக்கிளை இலவசமாக வாங்கிப் பாதுகாத்துத் தருகிறார்கள். வாகனங்கள் நிற்க, சைக்கிள்காரர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போய்விடலாம். இளவயதினருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. எங்களுக்குச் சரிவராது.

இரண்டாவது ரயில். பெலன் என்னும் ஊரிலிருந்து அல்புகெர்க்கி வழியாக சாந்தா பே வரைக்கும் 'ரெயில் ரன்னர்' என்ற ரயில் ஓடுகிறது. 2006 இல் தொடங்கிய சேவை. விழாக் காலத்தில் அதில் வருவோரை மைதானத்துக்கு அண்மையான நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுபோகிறார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வருவோருக்கு உகந்தது. எங்களுக்கு ரயில் நிலையம் போவதற்கே காரில் நகரத்தைச் சுற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது, வாகனத்தை நகரத்துக்குள் ஓரிடத்தில் விட்டுவிட்டு விழாக்காரரின் பஸ்ஸில் போவது. கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களை இதற்கென ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு தேவாலயமும் தன் வளவைக் கொடுத்திருந்தது. 13 பலூன்கள் எழும்பிய அந்தப் பழைய கொரனாடோ சென்ரரும் பல ஆண்டுகளாக இந்தப் பஸ்கள் புறப்படும் இடங்களில் ஒன்று. விழா வளர்ந்து அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் விழாவுக்குப் போகும் வழியாக அந்த இடம் மிஞ்சியிருக்கிறது. பஸ் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் ஒரே சீட்டில் அடங்கும். முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஓடுபவை பெரும்பாலும் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்கள்.

"பஸ்ஸும் அதே ரோட்டாலதானே போகும்?" என்று மறுநாள் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மருமகன் விளக்கினார்: போகும். கொஞ்சம் தாமதமும் ஆகலாம். ஆனால் நாற்பது ஐம்பது பேர் ஒரு வண்டியில் போகிறார்கள், மைதானத்தில் இறங்கியபின் வண்டியை விட இடம் தேட வேண்டியதில்லை, பஸ்களுக்கு நுழைவாயிலும் வேறு. அவள் யோசித்துவிட்டு, "பஸ் எண்டா வாறன்" என்றாள். அவளைச் சம்மதிக்க வைத்தது இந்தக் கணக்கு அல்ல என்றே நினைக்கிறேன். 'பள்ளிக்கூட பஸ்' என்ற சொல்லாக இருக்கலாம்.

முதல் தடவை நாங்கள் போன காலை வீணாகிவிட்டது. நாலரை மணிக்குக் கடைத்தொகுதியில் நின்றோம். ஐந்தேகால் அளவில் மைதானத்தில் இறங்கினோம். புல்வெளியில் பனி. கடும் குளிர். வானம் மூடிக் கிடந்தது. அங்கே கொடிகளை வைத்து அறிவிப்பார்கள். பச்சை என்றால் பறக்கலாம். மஞ்சள் என்றால் பொறுத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் இல்லை. நெடுநேரம் மஞ்சள் நின்றது. பிறகு சிவப்பு ஏறியது. சனங்கள் கோபப்படவில்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். பேரன் மட்டும் அழுதான். இனி இவள் வரமாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "மத்த நாளைக்கும் இந்த நேரத்துக்குத்தான் போகணுமா?" என்பது.

ஏன் மனம் மாறினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டாவது தடவை போனபோதுதான் விளங்கியது.

அன்று பஸ் ஏறும் இடத்தில் கூட்டம் அதிகம். கயிறு கட்டி வளைத்து வளைத்து ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு முன்னே இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் நிறைந்து போனதும் அடுத்தது வந்து அதே இடத்தில் நின்றது. அது போக இன்னொன்று. பின்னால் இன்னும் எத்தனை நிற்கின்றன என்பது விளக்குகளில் தெரிந்தது. பளிச்சென்ற மேலங்கி போட்ட தொண்டர் ஒருவர், கயிற்றின் ஒரு வளைவைக் காட்டி, இதுவரைக்கும் உள்ளவர்கள் அடுத்த பஸ்ஸில், அதற்கப்பால் உள்ளவர்கள் அதற்கடுத்ததில் என்று சொல்லிக்கொண்டே போனார். மருமகன் மொழிபெயர்த்தார். மனைவி விரலை மடக்கி எண்ணினாள். "நாம அஞ்சாவது" என்றாள். ஐந்தாவது பஸ்ஸில் ஏறினோம்.

வரிசையின் நீளம் ஒரு மனிதனை வருத்துவதில்லை என்று அந்தக் காலையில் எனக்குத் தோன்றியது. வருத்துவது முடிவு தெரியாமை. நமது நாட்டில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் நின்றவர்கள் பசியையும் வெயிலையும் தாங்கினார்கள். பவுசர் வருமா, வந்தால் எத்தனை பேருக்குக் காணும், தன் முறை வருமுன் முடிந்துவிடுமா என்ற மூன்றையும் அவர்களுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. நெடுஞ்சாலையில் காருக்குள் இருப்பவருக்கும் ஒரு சிறிய அளவில் அதே வேதனைதான். முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. தனக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு காரும் அவருக்கு எதிரி. பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் அப்படியொரு பகை இருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு மூதாட்டி, என் மனைவி முழங்காலைத் தடவுவதைக் கண்டு, தான் கொண்டுவந்திருந்த மடக்குக் கதிரையை விரித்துக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை.

அன்று மைதானத்தில் பச்சைக் கொடி. சுபஹ் நேரம் ஆனதும் தண்ணீர்ப் போத்தலில் வுழூச் செய்து, புல்லின் மேல் விரிப்பைப் போட்டுத் தொழுதோம். தொழுது முடிக்கவும் இருட்டிலேயே சில பலூன்கள் எழும்பின. 'விடியல் ரோந்து' என்று அதற்குப் பெயர். மேலே காற்று எந்தப் பக்கம், என்ன வேகம் என்பதை அவை முதலில் போய்ப் பார்க்கின்றன. கீழே நிற்கும் மற்ற ஓட்டுநர்கள் அவற்றைப் பார்த்தே தங்கள் முடிவை எடுக்கிறார்கள். இங்கேயும் அதே ஏற்பாடு: முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குச் செய்தி சொல்கிறார்.

சூரியன் சன்டியா மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் வேளையில் மற்றவை விரியத் தொடங்கின. அந்த விழாவில் பார்வையாளரை வேலிக்கு அப்பால் நிறுத்துவதில்லை. பலூன்களுக்கிடையிலேயே நடந்து திரியலாம். விசிறிகளால் காற்றடித்து ஊதிய துணி மலைபோலக் கிடக்கும். புரோப்பேன் அடுப்பு சீறியதும் மெல்ல நிமிரும். கறுப்பு வெள்ளை வரி உடுப்புப் போட்டவர்கள் விசில் ஊதி ஒவ்வொன்றாக வழியனுப்புகிறார்கள். அவர்களை எல்லோரும் 'வரிக்குதிரைகள்' என்றே அழைக்கிறார்கள். மேலே வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திய பின்னரே ஒரு பலூன் தரையை விட முடியும். நூற்றுக்கணக்கான பலூன்கள் மோதாமல் எழும்புவதன் இரகசியம் அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தன் முறை எப்போதென்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

வண்ணங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டிலும் தம்புள்ளை, கண்டலமைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒன்றிரண்டு பறக்கின்றன. பேரன் கழுத்து நோகும் வரைக்கும் அண்ணாந்து பார்த்தான். மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு பலூன் எங்களுக்கு மிக அருகில் எழும்பியபோது, கூடைக்குள் நின்றவர் கீழே கைகாட்டினார். அவளும் முந்தானையைப் பிடித்தபடி கைகாட்டினாள்.

திரும்பும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகும்போது மூன்று மணித்தியாலத்துக்குள் பரந்து வந்து சேரும் கூட்டம், முடிந்ததும் அரை மணித்தியாலத்துக்குள் புறப்படப் பார்க்கும். அனுபவசாலிகள் அந்த வேளையில் அசைவதில்லை. கடைசிப் பலூன் எழும்பிய பின்னும் உட்கார்ந்து, முட்டையும் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தின்றுகொண்டு பொழுதைப் போக்குகிறார்கள். நாங்களும் அப்படியே இருந்தோம். இறைச்சி இல்லாததைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பத்து மணியளவில் பஸ்ஸுக்கு நடந்தபோது பெரிய நெரிசல் குறைந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். காரில் வந்தவர்களில் பலர் இன்னும் தரிப்பிடத்தை விட்டு வெளியேறவில்லை. மற்றப் பக்கம் பார்த்தால், ஒரு பாடசாலை மைதானத்தில் ஒரு பலூன் இறங்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது. அதைத் துரத்தி வந்த வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பலூன் எங்கே இறங்கும் என்பது அதை ஓட்டுபவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஆனாலும் எங்கே இறங்கினாலும் தேடி வர ஆட்கள் உண்டென்பது தெரியும். அதனால் பயமில்லாமல் எழும்புகிறார்.

அங்கே போகவிருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது சிறிதுதான். வார இறுதியைத் தவிர்த்து வேலைநாளில் போனால் கூட்டம் குறைவு. சீட்டை முன்னதாக வாங்க வேண்டும். காரை நகரத்திலேயே விட்டுவிட வேண்டும். ஒரே நாளை நம்பாமல் இரண்டு காலைகளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும், காற்று யாருடைய நாட்காட்டியையும் பார்ப்பதில்லை. முதியவர்கள் இருந்தால் ஒரு மடக்குக் கதிரை. குளிருக்கு நல்ல உடுப்பு. திரும்பும்போது அவசரப்படக் கூடாது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2022 ஜூலையில் நமது நாட்டில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. ஓட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் என்று ஆரம்பத்தில் பங்கு வைத்தார்கள். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாட்களையும் பிரித்தார்கள். எண்ணெய்க் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் ஒரு காரணந்தான். ஆனால் ஓகஸ்ட்டில் வரிசைகள் கரைந்ததற்கு, எனக்கு எவ்வளவு, எப்போது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியவந்ததும் ஒரு காரணம். ஐந்து லீற்றர் போதாது என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். என்றாலும் இரவில் வீட்டில் படுத்தார்கள். சில வாரங்கள் முந்தி அந்த ஏற்பாடு வந்திருந்தால் என்று நினைப்பது ஈமானுக்கு உகந்ததல்ல. அவரவர் தவணை அவரவருக்கு. ஆனால் ஏற்பாடு செய்யவேண்டியவர்கள் அதை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். கூட்டத்தை ஆள்வது பெரிய வித்தையல்ல. நிற்கிறவனிடம் உண்மையைச் சொல்ல ஓர் ஆளை நிறுத்துவதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பாதைக்கும் பஸ்ஸுக்கும் செலவழிக்கப் பணமில்லாத நாட்டுக்கும் அது முடியும்.

அன்று மாலை மனைவி ஊருக்குத் தொலைபேசி எடுத்தாள். மச்சானின் மனைவி இத்தா முடிவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பலூன் எப்படி இருந்ததென்று அங்கிருந்து கேட்டிருக்க வேண்டும். நல்லா இருந்திச்சு என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நாங்களும் கியூவில நிண்டம் மச்சி. பஸ் வந்திச்சு."